கொத்தாத முட்டை

எங்கள் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் என்னை மருத்துவச்சி என்று கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. என் வாய் பொல்லாத வாய். செத்துப்போன என் வீட்டுக்காரர், "உன் வாய்க்குப் பயந்து தெரு நாய்கூட நம்ம வாசல்ல படுக்கிறதில்ல" என்பார். ஆனால் என் கை அப்படி இல்லை. முட்டையை எடுத்துவிட்டால் கைக்கு எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்துவிடும்.

குஞ்சு இறக்கும் நாளில் பொரிப்பானின் கதவைத் திறந்தால் சூடும் வீச்சமும் முகத்தில் அடிக்கும். டிரே டிரேயாக வெளியே இழுத்து, பொரிந்து உலர்ந்த குஞ்சுகளைப் பெட்டியில் போடுவார்கள். மிஞ்சுவதில் ஓட்டைக் கொத்தித் துளை போட்டுவிட்டு வெளியே வரத் திராணியில்லாமல் கிடப்பவை என் மூலைக்கு வரும். ஓட்டில் கீறல்கூட இல்லாதவை அரவை மெஷினுக்குப் போகும். கால் விளங்காத குஞ்சும், தொப்புள் மூடாமல் குடல் தொங்கும் குஞ்சும்கூட அங்கேதான். மெஷின் ஹாலின் கோடியில் இருக்கிறது. முட்டைகளைக் கவிழ்த்ததும் ஓடும் உள்ளே இருப்பதும் சேர்ந்து நொறுங்கும். சில சமயம் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு கீச்சு கேட்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அன்று சாப்பிட மாட்டார்கள். அப்புறம் பழகிவிடும்.

என் மூலையில் ஒரு மேஜை, ஒரு மஞ்சள் பல்பு, ஒரு டார்ச், வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம், துணி, ஒரு சின்ன இடுக்கி. அவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. இந்த வேலையில் கஷ்டமே கையை வைக்காமல் இருப்பதுதான். துளை போட்ட குஞ்சு அசையாமல் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது, உரித்துவிடலாம் என்று கை பரபரக்கும். உரித்தால் தொலைந்தது. ஓட்டுக்கு உட்புறம் ஒரு சவ்வு இருக்கிறது. அதில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளத்தான் குஞ்சு அப்படிப் படுத்திருக்கிறது. அவசரப்பட்டுக் கிழித்தால் நம் உள்ளங்கையிலேயே ரத்தம் கொட்டிச் சாகும். சவ்வில் சிவப்பு நரம்பெல்லாம் மறைந்து வெளுத்த பிறகு, அகன்ற முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை எடுக்கலாம். அப்போதும் முழுக்க எடுக்கக் கூடாது. அடிப்பாதியை விட்டுவிட வேண்டும். அதைத் தானே உதைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் அந்தக் காலுக்குத் தெம்பு வரும்.

என் தங்கச்சிக்கும் அதே ஹாலில்தான் வேலை, குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்குவது. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டோம். ஒரு பாதியில் நான். மறுபாதியில் அவளும் அவள் புருஷன் வெல்டரும்.

வெல்டர் தெருவுக்கெல்லாம் கேட் செய்கிறவன். தன் பாதிக்கு வாசலில் இரும்புக் கதவு போட்டான். ஜன்னலில் விரல் நுழையாத அளவுக்குக் கம்பி வைத்தான். பின்வாசலை இரும்புத் தகடு வைத்து அடைத்தே விட்டான். "திருட்டு பயம் அக்கா" என்றான். அந்த வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். நடுச்சுவர் மட்டும் பாகம் பிரித்தபோது ஒரு கொத்தனார் ஒற்றைச் செங்கல்லில் எழுப்பியது, மண்சாந்து. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் சின்னவள் "மெதுவாக்கா" என்பாள்.

அவன் அவளை அடிப்பது அந்தச் சுவர் வழியாக எனக்கு அப்படியே கேட்கும். கையால் அடித்தால் ஒரு சத்தம், பெல்ட்டால் அடித்தால் ஒரு சத்தம். அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினால் என் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து என் பாயில் விழும். முதல் தடவை கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கையில் கிடைத்த துடைப்பக்கட்டையோடு ஓடி, அவன் முதுகில் அது முறிகிற வரைக்கும் சாத்தினேன். அப்போது இரும்புக் கதவெல்லாம் கிடையாது. சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? ரத்தம் ஒழுகுகிற வாயோடு எழுந்து வந்து என்னைத்தான் பிடித்துத் தள்ளினாள்.

"உன்னை யாருக்கா கூப்பிட்டா? இது எங்களுக்குள்ள. போ வெளியே!"

போனேன். என் துடைப்பக்கட்டை அடிக்கும் சேர்த்து அன்றைக்கு அவள்தான் வாங்கினாள். அதன்பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. கோபத்தில் பல்லை நறநறவென்று கடித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். ரத்தம் அடங்காத சவ்வைக் கிழித்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஒருநாள் மதியம் அவளே என் மூலைக்கு வந்தாள். கீழுதடு பிளந்திருந்தது. நான் ஒரு குஞ்சுக்குக் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் போகிற குஞ்சு. நூலால் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நேராகிவிடும்.

"அடிச்சா ரொம்ப அடிக்கிறான்கா" என்றாள்.

"வந்துடு. ஒரு பாய்தானே, விரிச்சுப் போடுறேன்."

குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, நான் உன்னைப் பிடிச்சு இழுக்க மாட்டேன்" என்றேன். "ஒரு தடவை இழுத்து நான் பட்டது போதும். நீயா முடிவு பண்ணு. பண்ணினதும் சுவத்தைத் தட்டு. எந்த நேரமா இருந்தாலும் சரி, தட்டின சத்தம் கேட்ட உடனே நான் அங்க நிப்பேன். இது சத்தியம்."

"ஏன்கா, நான் என்ன முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சா?"

"குஞ்சுக்காவது கொத்த மூக்கு இருக்கு. உனக்கு அதுவும் சப்பை."

சிரித்துவிட்டாள். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. என் துணியை அவள் வாயில் வைத்து அழுத்தினேன்.

அதிலிருந்து அவன் அடிக்கிற போதெல்லாம் நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பேன். காதைச் சுவரில் வைத்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொள்வேன். தட்டுடி, தட்டித் தொலைடி என்று வாய்க்குள்ளேயே கத்துவேன். அடி விழும். அவள் அழுவாள். அப்புறம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். தட்ட மாட்டாள். மறுநாள் வேலையில் என் முகத்தைப் பார்க்காமல் குஞ்சு அடுக்குவாள். நானும் கேட்க மாட்டேன். பொறுத்திருப்பதுதான் சரி என்று நினைத்தேன். என்னைப் போல் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று எனக்குத்தான் தெரியும்.

கை பொறுத்தது. வாய் பொறுக்கவில்லை.

ஒருநாள் மாலை வேலை முடிந்து வருகிறேன். வெல்டர் தெருமுனைக் கடையில் நாலு பேரோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் சின்னவளின் கழுத்தில் விரல் தடத்தைப் பார்த்திருந்தேன். என்னைப் பார்த்ததும், "வாங்க மருத்துவச்சி, எத்தனை பிரசவம் இன்னிக்கு?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"சிரிடா, நல்லா சிரி. அவ சுவத்துல ஒரே ஒரு தட்டு தட்டட்டும். அன்னிக்கு உன் கையை மணிக்கட்டோட முறிச்சு, உன் கேட்டுலயே தொங்கவிடலைன்னா என்னை ஏன்னு கேளு!"

டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஓ. தட்டுவாளா? அப்படி ஒரு ஏற்பாடு இருக்கா?" என்றான்.

நான் ஏதோ அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்ட பெருமையில் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அவன் வீட்டுக்கு வந்தது கேட்டது. இரும்புக் கதவு சாத்தியது கேட்டது. பேச்சு எதுவும் இல்லை. நாற்காலி விழுந்தது. அப்புறம் சின்னவள் ஒரே ஒரு தடவை கத்தினாள். அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்றேன். சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தட்டு வரவில்லை. அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தமும் வரவில்லை. "சின்னவளே" என்று கூப்பிட்டேன். "தூங்குறா. நீயும் போய்ப் படு" என்று அவன் குரல் வந்தது.

காலையில் அவன் இரும்புக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"அவ எங்க?"

"காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்திருக்கா. லீவு சொல்லிடு."

"திற. நான் பாக்கணும்."

"எதுக்கு? அவ உன்னைக் கூப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். கட்டையில போறவனே, நாசமாப் போறவனே என்று தெரு கேட்க அவனை வைதேன். வைது முடித்து ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே திரை போட்டிருந்தது. பதில் இல்லை. காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று பட்டது. அன்று குஞ்சு இறக்கும் நாள். அவளும் தட்டவில்லை. தட்டியிருந்தால் போயிருப்பேனே, தட்டவில்லையே என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று ஹாலில் வேறு மாதிரி இருந்தது. சூப்பர்வைசரை நாங்கள் தெர்மாமீட்டர் என்போம், ஒல்லியாக விறைத்து நிற்பான், கொஞ்சம் சூடு ஏறினாலும் உச்சிக்குப் போய்விடுவான். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பொரிப்பானில் ஈரம் தெளிக்கும் குழாய் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டதாம், யாரும் கவனிக்கவில்லையாம். விசிறிப் பக்கத்து டிரேக்களில் பாதிக்குமேல் கொத்தாத முட்டை. ஆட்கள் அவற்றை வண்டியில் அடுக்கி என் மூலையைத் தாண்டி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்கு என்னவோ உறுத்தியது. போகிற வண்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். கனமாக இருந்தது. காதில் வைத்தேன், சத்தம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கருப்பாக ஏதோ மெல்ல நெளிந்தது.

"சார், இதுல உசுரு இருக்கு."

"கொத்தியிருக்கா?"

"இல்ல. ஆனா..."

"அப்புறம் என்ன? தானா கொத்தாததுல கை வைக்கக் கூடாதுன்னு நீதானேம்மா எல்லாருக்கும் பாடம் எடுப்ப? வேலையைப் பாரு."

முட்டையை வண்டியில் திருப்பி வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டேன். மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் டிரேயைக் கவிழ்த்தார்கள். நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே கீச்சென்று ஒன்று கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாதபடி.

முட்டையின் அகன்ற முனையை நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே சவ்வு வெள்ளையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. காய்ந்த பசை மாதிரி மஞ்சளாக இறுகி, குஞ்சின் முகத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதற்கு அடியில் மூக்கு அழுந்திக் கிடந்தது. திறக்கக்கூட இடம் இல்லை. கண் மட்டும் அசைந்தது. துணியை நனைத்து அந்த மூக்கின் மேல் ஒற்றினேன். மறுபடி ஒற்றினேன். சவ்வு இளகியது. இடுக்கியால் மூக்குக்கு மேல் மட்டும் விலக்கினேன். ரத்தம் ஒரு துளி வரவில்லை. அது வாயைப் பிளந்து கத்தியது.

கொத்த மனசில்லாமல் அது கிடக்கவில்லை. கொத்த வழியில்லாமல் கிடந்தது.

தெருமுனைக் கடை, டீ கிளாஸ், 'தட்டுவாளா' என்று அவன் கேட்டது, அந்த ஒற்றைக் கத்தல், எல்லாம் ஒன்றாக மண்டையில் வந்து விழுந்தன. அடிப்பாவி, அவனுக்கு நீயே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து நீயே காத்திருந்தாயே என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

ஓடிப்போய் மெஷினின் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். அடுத்த டிரேயைத் தூக்கியவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். தெர்மாமீட்டர் என் தோளைப் பிடித்து இழுத்தான். திரும்பி அவனை ஒரு தள்ளு தள்ளினதில், காலிப் பெட்டி அடுக்கோடு சரிந்து விழுந்தான்.

"எல்லாம் உசுரோட இருக்குடா பாவிகளா! கொத்த முடியாம ஒட்டிப்போய்க் கிடக்கு! துணியை நனைச்சு மூடி வைங்க, ஒண்ணையும் அரைக்காதீங்க!"

"உனக்கு இன்னியோட வேலை இல்ல!" என்று பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கத்தினான்.

"நீயே வச்சுக்கோ உன் வேலையை!" என்று ஓடினேன். அந்தக் குஞ்சு என் மேஜையில் பல்புக்கு அடியில் இருந்தது. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேனா, அதைக்கூட நினைக்கவில்லையா, தெரியவில்லை.

சங்கிலி பூட்டியபடியே இருந்தது. கதவை உதைத்தேன், என் கால்தான் வலித்தது. "சின்னவளே! சின்னவளே!" எதிர்வீட்டு டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள்.

"போலீஸுக்கு போன் பண்ணு. சீக்கிரம்!" என்று அவளிடம் கத்தினேன்.

என் வீட்டுக்குள் போய்ச் சுவரில் காதை வைத்தேன். என் மூச்சே எனக்கு இரைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடது கோடியில், தரையோடு தரையாக, ஏதோ தேய்ந்தது. குதிகால். அப்புறம் மூக்கால் வந்த ஒரு முனகல். அவள் சுவரில் சாய்ந்துதான் கிடந்தாள்.

பின்பக்கம் அப்பாவின் கடப்பாரை துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்து வந்து ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஓங்கி அடித்தால் ஒற்றைச் செங்கல் சுவர் மொத்தமாக அந்தப் பக்கம் சரியும். அவள் மேலேயே சரியும். இருக்கிற வெறிக்கு அந்தச் சுவரைத் தலையால் முட்டியே உடைத்திருப்பேன். ஆனால் கடப்பாரையை இறக்கினேன். அவள் சத்தம் வந்த இடத்திலிருந்து தள்ளி, வலது கோடியில், தரைக்குச் சற்று மேலே பார்த்து, கூர்முனையால் சாந்தைச் சுரண்டினேன். மண்சாந்து பொடியாக உதிர்ந்தது. முதல் கல்லை ஆட்டி ஆட்டி என் பக்கம் இழுத்தேன். கைக்கு அந்த நிதானம் வந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. "வர்றேன்டி தங்கம், வந்துட்டேன்டி, கொஞ்சம் பொறுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கல் ஒன்றைக்கூட அந்தப் பக்கம் விழவிடவில்லை.

ஆள் நுழையும் அளவு ஆனதும் தவழ்ந்து உள்ளே போனேன். கல் உரசி முழங்கை தோல் உரிந்தது.

கட்டுக்கம்பியால் அவள் கை இரண்டையும் முன்னால் சேர்த்துக் கட்டி, கட்டில் காலோடு முறுக்கியிருந்தான். வாயில் துணி, அதன்மேல் கருப்பு டேப். வலது கை இருந்த இடத்தில் கை மாதிரி ஒன்று வீங்கிக் கருத்துக் கிடந்தது. விரல்கள் நாலு பக்கமும் பார்த்தன. பக்கத்தில் அவனுடைய சுத்தியல். டேப்பைப் பிய்த்துத் துணியை உருவினேன்.

"எந்தக் கையால தட்டுவன்னு கேட்டான்கா" என்றாள். குரல் காற்றாக வந்தது. "நான் சொல்லவே இல்லக்கா. அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

கம்பி முறுக்கைப் பிரிக்க விரலை விட்டேன். நகம் ஒன்று பிய்ந்து வந்தது. வலிக்கவில்லை. கை விடுபட்டதும் மூலையில் இருந்த குடத்திலிருந்து செம்பில் மொண்டு வந்து, விரலை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். செம்பைப் பார்த்ததும் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "மெதுவா, மெதுவா. முதல்ல நாக்கை நனை" என்றேன். கன்னத்தில் தண்ணீரும் ரத்தமும் கலந்து வழிந்தன.

வாசலில் சங்கிலி கலகலத்தது.

யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கதவு திறந்தது. சங்கிலி அவன் கையில் தொங்கியது. என்னைப் பார்த்தான், சுவர்த் துளையைப் பார்த்தான்.

"என் வீட்டுச் சுவத்தையே ஒடச்சிட்டியா?" என்றான்.

என் கடப்பாரை அந்தப் பக்கம் கிடந்தது. அப்போதுதான் அது உறைத்தது. சங்கிலியைச் சுழற்றி அடித்தான். தோளில் விழுந்தது. அடுத்தது காதோரம் விழுந்து கண் இருட்டியது. நான் அவன் காலைக் கட்டிப்பிடித்துத் தொடையில் பல்லைப் பதித்தேன். சதை பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. அலறிக்கொண்டே என் முதுகில் சங்கிலியால் சாத்தினான். முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். என் பாயில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. மறுபடி மோதினான். கால் துவண்டு கீழே விழுந்தேன். சங்கிலியை இரண்டாக மடித்து என் கழுத்தைப் பார்த்துக் குனிந்தான்.

அப்போது அவன் முழங்காலில் ஏதோ முறிந்தது.

சின்னவள் அவனுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். இடது கையில் அவனுடைய சுத்தியல். மறுபடி ஓங்கி அதே முட்டியில் அடித்தாள். அவன் சரிந்து வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தான். மூன்றாவது அடிக்குச் சுத்தியல் அவள் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. அவளும் அப்படியே சாய்ந்தாள்.

"போடி! துளை வழியா போ! அந்தப் பக்கம் போயிடு!"

தவழ்ந்தாள். உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தரையைப் பிடித்து இழுத்து இழுத்துப் போனாள். வெல்டர் அவள் காலைப் பிடிக்க எட்டினான். நான் அவன் மேல் விழுந்தேன். அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, கட்டிலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை உருவி, அவன் கையில் ஒன்று போட்டேன். மணிக்கட்டு முறிந்தது எனக்கே கேட்டது. சொன்னதைச் செய்தாயிற்று என்று ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

சின்னவள் துளையில் பாதியில் மாட்டிக்கொண்டாள். இடுப்பு இறங்கவில்லை. கால் இரண்டும் இந்தப் பக்கம் உதறின.

"வந்து தள்ளட்டுமாடி?"

"வேணாம்க்கா. கையை வைக்காத. நானே வர்றேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கால் தரையை உதைப்பது கேட்டது. மண் உதிர்வது கேட்டது. ஒரு முக்கல். அப்புறம் அந்தப் பக்கம் தொம்மென்று விழுந்த சத்தம்.

இப்போது நானும் அவனும்தான் அந்த அறையில் இருந்தோம். அவன் முகத்தில் இருந்த திமிரெல்லாம் வடிந்துவிட்டிருந்தது.

"அக்கா, விட்டுடுக்கா. உன் தங்கச்சி புருஷன்க்கா நான்."

செங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினேன். ஒரே போடு போட்டால் போதும். ஓடு எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியும். எத்தனை மாலை என் கையைத் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன்! இனி யாருக்காகவும் பொறுக்க வேண்டியதில்லை. அவன் நெற்றியில் சரியாக இடம் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சுவரில் தட்டு விழுந்தது.

முதலில் நான் நம்பவில்லை. மெல்லத்தான் விழுந்தது. என் வீட்டுப் பக்கத்திலிருந்து, தரையோடு ஒட்டி. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் மறுபடி, இன்னும் கொஞ்சம் பலமாக. இடது கையால் தட்டுகிறாள். பழக்கமில்லாத கை, ஒரு சீராக விழவில்லை.

"அக்கா" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "தட்டுறேன்ல? வா."

தட்டின சத்தம் கேட்ட உடனே அங்கே நிற்பேன் என்று சத்தியம் பண்ணியவள் நான்தான். செங்கல்லைப் போட்டேன், அவன் தலையில் இல்லை, தரையில். அவன் மேலிருந்து இறங்கினேன்.

"இதோ வந்துட்டேன்டி" என்று சொல்லிவிட்டுத் துளைக்குள் தலையைக் கொடுத்தேன்.